‘மொண்டோவீனோ’வும் இரு அந்நியரும்

யொனதன் நொசிற்றரின் ‘மொண்டோவீனோ’ (2004) என்னும் விவரணப்படம், வைன் உற்பத்தியில் உள்ளூர் மரபுக்கும் பன்னாட்டு மூலதனத்துக்கும் இடையிலான மோதலைச் சித்திரிக்க முனைகின்றது. தென் பிரான்சின் லாங்டொக் பிரதேசத்து அனியான் கிராமத்திலே கலிபோர்னியாவின் மொண்டாவி நிறுவனம் முந்திரிகைத் தோட்டம் அமைக்க முயன்று, எதிர்ப்பின் காரணமாக 2001இல் அதனைக் கைவிட்டமை படத்தின் முக்கிய பகுதிகளுள் ஒன்று. அவ்வெதிர்ப்பின் குரலாக ஒலிப்பவர் எமே கிபேர்.

ஆயின் கிபேரும் அவ்வூரவர் அல்லர். மியோ நகரில் தோற் கையுறை உற்பத்தி செய்த குடும்பத்தவர்; 1970களிலேயே அனியானில் வைன் உற்பத்தியைத் தொடங்கினார். அவருக்கு வழிகாட்டியது ஊரவரின் பரம்பரை அறிவு அன்று. அம்மண்ணின் சிறப்பை எடுத்துரைத்தவர் போர்தோவின் புவியியற் பேராசிரியர் ஆன்ஜல்பேர். ஆலோசனை வழங்கியவர் வைன் விஞ்ஞானி எமில் பெய்னோ. பிரதானமாக நடப்பட்டதும் போர்தோவின் கபர்னே சொவிஞ்ஞோன் இனமே. 1978 அறுவடையில் உருவான முதற் செவ்வைன், மரபுவழிப் பெயருரிமை எதுவுமின்றியே சந்தைக்கு வந்தது. மரபின் காவலராக இன்று போற்றப்படுபவர் அன்று மரபை மீறியவர் என்பது சுவையான முரண்.

இவ்வுண்மைக்குப் படம் போதிய அழுத்தம் கொடுக்கவில்லை. கொடுத்திருப்பின், பிறப்பிடம் பற்றிய வினா பின்தள்ளப்பட்டு நிலம் பற்றிய வினா முன்னெழுந்திருக்கும். கிபேர் வாங்கியது தனியார் பண்ணை. மொண்டாவி நாடியதோ ஊர்ப் பொதுக்காடு.