யாருடைய யதார்த்தம்? 1937-38 எக்ஸ்பிரஷனிச விவாதத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

இசங்களைப் பட்டியல் போட்டுச் சொல்வதில் நமக்கொரு தனி ருசி. கற்பனாவாதமா, வேர்ட்ஸ்வொர்த். யதார்த்தவாதமா, பால்சாக். இயற்பண்புவாதமா, ஜோலா. ஒரு பெயர், ஓர் ஆண்டு, நாலு பண்புகள். பாடநூல் எழுதுகிறவர்கள் இதைச் செய்தால் அது அவர்கள் பிழைப்பு என்று விட்டுவிடலாம். இயக்கம் சார்ந்த நாமும் இதையேதான் செய்தோம். கூடுதலாக, ஒவ்வொரு இசத்துக்கும் எதிரே ஓர் அரசியல் மதிப்பெண்ணையும் போட்டுவைத்தோம். இது முற்போக்கு, அது சீரழிவு, முடிந்தது விமர்சனம்.

நானும் போட்டிருக்கிறேன். ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் இளம் கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது சிதைவின் இலக்கியம், குட்டி முதலாளித்துவப் புலம்பல்’ என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பேச்சுக்கு நடுவே லூகாச்சையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த லூகாச், அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய ரெண்டு கட்டுரைகள் மட்டுமே. கவிஞர் பதில் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் அவர் எழுதிய எதையும் நான் எங்கேயும் பார்க்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து, 1977இல் லண்டனில் வெளியான ‘அழகியலும் அரசியலும்’ என்ற ஆங்கிலத் தொகுப்பின் ஜெராக்ஸ் ஒன்று கைக்கு வந்தது. ப்ளாக், லூகாச், பிரெக்ட், பெஞ்சமின், அடோர்னோ ஆகியோர் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும் புத்தகம். என் முக்கால் மணி நேரப் பேச்சுக்கு எவ்வளவு பயங்கரமான முன்வரலாறு இருக்கிறது என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

விவாதம் நடந்த இடம் ‘தாஸ் வோர்ட்’, அதாவது ‘சொல்’. ஹிட்லருக்குத் தப்பி வெளியேறிய ஜெர்மன் எழுத்தாளர்களுக்காக 1936 முதல் 1939 வரை மாஸ்கோவிலிருந்து வந்த இதழ். ஆசிரியர்கள் பிரெக்ட், ஃபாய்க்ட்வாங்கர், வில்லி பிரெடல். 1937 செப்டம்பரில் கவிஞர் கோட்ஃபிரீட் பென் பற்றி க்ளவுஸ் மானும் அல்ஃபிரெட் குரெல்லாவும் எழுதிய கட்டுரைகள் வந்தன. எக்ஸ்பிரஷனிஸ்டுகளில் முக்கியமானவரான பென், 1933இல் நாஜிகளை வரவேற்றவர். குரெல்லா புனைபெயரில் ஒளிந்துகொண்டு ஒரே போடாகப் போட்டார்: எக்ஸ்பிரஷனிசத்தின் உணர்வைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் போய்ச் சேருமிடம் பாசிசம்தான் என்று.

இதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலை 19 அன்று, மியூனிக்கில் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்ற கண்காட்சியைத் திறந்திருந்தார்கள். அருங்காட்சியகங்களிலிருந்து பிடுங்கிவந்த சுமார் 650 படைப்புகளைச் சுவரில் மாட்டி, பக்கத்திலேயே கேலி வாசகங்களையும் எழுதிவைத்துக் காட்டினார்கள். அதில் பெரும்பகுதி எக்ஸ்பிரஷனிசம். ஒரே கோடையில் பாசிஸ்டுகளும் பாசிச எதிர்ப்பாளர்களும் ஒரே கலையைக் கூண்டில் ஏற்றியது எப்படி? ‘சீரழிவு’ என்ற சொல் இரண்டு முகாம்களிலும் சரளமாகப் புழங்கியதை என்னவென்று சொல்வது?

ஒரு இசத்துக்கு ஒரு அரசியல் என்ற சூத்திரத்தை உடைக்க இந்த எக்ஸ்பிரஷனிஸ்டுகளின் வாழ்க்கையே போதும். ஹான்ஸ் யோஸ்ட் 1935இல் நாஜிகளின் எழுத்தாளர் அமைப்புக்குத் தலைவரானார். யோஹன்னஸ் பெஹர் கம்யூனிஸ்ட் ஆகி, 1954இல் கிழக்கு ஜெர்மனியின் கலாச்சார அமைச்சரானார். எர்ன்ஸ்ட் டோலர் 1919 பவேரிய சோவியத் குடியரசின் தலைவர்களில் ஒருவராக இருந்து, ஐந்தாண்டு சிறையிருந்து, 1939இல் நியூயார்க்கில் தற்கொலை செய்துகொண்டார். ஓவியர் நோல்டே நாஜிக் கட்சி உறுப்பினர். அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை அதே நாஜிகள் பறிமுதல் செய்தார்கள். பென்னுக்கே 1938இல் எழுதத் தடை விழுந்தது. இவர்கள் எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மேலே ஒரு முத்திரையைக் குத்த முடியுமா?

லூகாச்சை இதற்காக முட்டாள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் வாதம் வலுவானது. முதலாளித்துவம் ஒரு முழுமை. மேற்பரப்பில் மட்டும்தான் அது துண்டுதுண்டாகத் தெரிகிறது. அந்தத் துண்டுகளையே உண்மையென்று நம்பி அலறும் கவிஞன், தன்னை அலறவைப்பது எது என்று காட்டுவதில்லை. இந்தக் கேள்வியைத் தூக்கியெறிந்துவிட்டு ‘எல்லாம் பிரதிதான்’ என்று நடந்துவிடுகிற நம் நண்பர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

எர்ன்ஸ்ட் ப்ளாக் பதில் சொன்னார்: முழுமை என்பதை ஏற்கனவே முடிந்துபோன ஒன்றாக எடுத்துக்கொண்டால் அப்படித்தான் தோன்றும். யதார்த்தமே விரிசல் விட்டிருந்தால்? அந்த விரிசலுக்குள் புகுந்து தேடுகிறவனைச் சிதைவுக்குத் துணைபோகிறவன் என்பீர்களா? அப்புறம் லூகாச்சின் முறையியலையே போட்டு உடைக்கிறார். லூகாச் சான்றுக்கு எடுப்பது முன்னுரைகளும் தொகைநூல்களும்தான், ஓர் ஓவியரைக்கூடப் பேசவில்லை என்கிறார். படைப்பைப் பார்க்காமலே தீர்ப்பு. படித்தபோது எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

பிரெக்டின் வாதம் இன்னும் எளிமையானது. யதார்த்தம் மாறுகிறது, அதைச் சொல்லும் முறையும் மாறியாக வேண்டும். பால்சாக், டால்ஸ்டாய் வடிவத்தையே காலத்துக்கும் அளவுகோலாக்கினால் அதுதான் உருவவாதம். ஒரு படைப்பு யதார்த்தமானதா என்று அறிய இன்னொரு நாவலோடு ஒப்பிடாதே, உலகத்தோடு ஒப்பிடு. தொழிலாளர்களுக்கு இதெல்லாம் புரியாது என்போருக்கும் தன் நாடக அனுபவத்திலிருந்தே அவர் பதில் தருகிறார்: உண்மையைக் காட்ட உதவும் எந்தப் புதுமையையும் தொழிலாளர்கள் வரவேற்றார்கள்.

இவற்றை பிரெக்ட் எழுதியது 1938 வாக்கில், டென்மார்க்கில் அகதியாக இருந்தபோது. ஆசிரியராக அவர் பெயரைத் தாங்கி வந்த இதழில் அவரது எதிர்வாதங்கள் வரவேயில்லை. 1956இல் இறந்தார். அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி 1960களில்தான் அச்சேறியது.

ஏன் இந்த மௌனம் என்று கேட்டால் இன்னொரு தேதியையும் பார்க்க வேண்டும். பிரெக்ட் ஆசானாக மதித்த, அவரை ரஷ்யனில் மொழிபெயர்த்த செர்கேய் த்ரெத்யாகோவ், ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் சுட்டுக்கொல்லப்பட்டது 1937 செப்டம்பர் 10. குரெல்லாவின் கட்டுரை வந்த அதே மாதம். எக்ஸ்பிரஷனிசத்தை வளர்த்த ‘தெர் ஸ்டூர்ம்’ இதழின் ஆசிரியர் ஹெர்வார்த் வால்டன் மாஸ்கோவில் இருந்துகொண்டே எக்ஸ்பிரஷனிசத்துக்காக விவாதத்தில் வாதாடினார். 1941இல் கைதாகி அதே ஆண்டு சரதோவ் சிறையில் செத்தார். லூகாச்சும் 1941இல் சில வாரங்கள் காவலில் இருந்தவர்தான். அச்சத்தின் நிழல் எல்லோர் மேலும் விழுந்திருந்தது.

லூகாச்சின் பேனா யாரையும் சுட்டது என்று நான் சொல்லவில்லை. இலக்கிய முறை ஒன்றே அரசியல் விசுவாசத்துக்குச் சான்றிதழ் ஆகிவிட்ட இடத்தில், ‘சீரழிவு’ என்பது விமர்சனச் சொல்லாக இருக்க முடியாது, அது குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது என்கிறேன். அதிகாரம் கையில் இல்லாத நம்மைப் போன்ற சிறு குழுக்களில் அந்தச் சொல் ஆளைக் கொல்வதில்லை. எழுதுகிற கையை நிறுத்திவிடுகிறது.

இதிலிருந்து அரசியலே வேண்டாம், அழகியல் மட்டும் போதும் என்று யாராவது முடிவுகட்டினால் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விவாதித்த ஐந்தாறு பேருமே பாசிசத்தை எப்படி முறியடிப்பது என்ற கவலையில்தான் பேசினார்கள். நான் கேட்பது சின்ன விஷயம். தீர்ப்புக்கு முன்னால் கவிதையைப் படிப்போம். இசத்தைக் கேட்காமல், இந்த வரி எந்த உலகத்தைக் காட்டுகிறது, யாரிடமிருந்து எதை மறைக்கிறது என்று கேட்போம். எழுதியவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் பேச நேரம் கொடுப்போம். அன்று நான் கொடுக்கவில்லை.

தோழர்கள் இதை மறுக்கலாம். மறுப்பை இந்தப் பக்கங்களிலேயே எழுதுங்கள். மேசைக்குள் பூட்டிவைக்க வேண்டாம்.