பிள்ளையின் திரையும் பெற்றோரின் கண்ணும்

கொழும்புப் பகுதியில் களுபோவிலயிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பதின்ம வயதுப் பிள்ளை இருக்கிற தமிழ் வீடுகளில் இப்போது ஒரே வாக்குவாதம்தான். பிள்ளையின் போனையும் கணினியையும் பெற்றோர் பார்க்கலாமா? பார்த்தால் எதுவரை? சொல்லிவிட்டுப் பார்ப்பதா, சொல்லாமல் பார்ப்பதா? "என்ர பிள்ளை, நான் பார்க்காமல் வேறை ஆர் பார்க்கிறது?" என்கிறார் தாய். "என்னை நம்பாட்டி ஏன் போன் வாங்கித் தந்தனீங்கள்?" என்கிறாள் மகள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் வாக்குவாதம் ஓயாமல் நீள்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குத் தெரிந்து நடக்கிற, வயதோடு குறைந்துகொண்டு போகிற மேற்பார்வை பெற்றோரின் கடமை. பிள்ளைக்குத் தெரியாமல் அதன் செய்திகளை வாசிப்பதோ ஆபத்தைக் கூட்டும். இந்த முடிவுக்கு நான் வந்த வழியைக் கண்காணிப்பின் பலன், பழுது இரண்டையும் எடைபோட்டே காட்ட வேண்டும்.

2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்புகள் வட்ஸ்அப் குழுக்களுக்கும் சூமுக்கும் மாறின. அதுவரை பல வீடுகளில் ஒரேயொரு கணினிதான். அது ஹோலில், எல்லோரும் நடமாடுகிற இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு போன், காதில் ஹெட்செட், வீட்டில் ஒரு மூலை. பாடசாலைகள் திறந்த பின்னும் நிலைமை பழையபடி ஆகவில்லை. ரியூசன் சேரின் நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், வகுப்பு நேர மாற்றம் எல்லாம் இன்றும் குழுவில்தான் வருகின்றன. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் போனே வேண்டாம் என்று சொல்ல இப்போது எந்த வீட்டாலும் முடியாது.

கொழும்பு வாழ்க்கையின் இன்னோர் உண்மையும் உண்டு. இரண்டு அறைத் தொடர்மாடியில் ஐந்து பேர் இருப்பார்கள். பிள்ளை அம்மம்மாவோடு ஒரே அறையில் படுக்கும். தனியாக அழவோ, சிநேகிதியிடம் மனம்விட்டுக் கதைக்கவோ ஒரு மூலை கிடைக்காது. அந்த வீட்டில் பிள்ளைக்குச் சொந்தமான ஒரே இடம் அதன் திரைதான். அதைத் திறந்து பார்ப்பதென்றால் பிள்ளைக்கென்று மிஞ்சியிருந்த ஒரே இடத்துக்குள்ளும் நுழைகிறோம் என்பதே பொருள்.

பெற்றோரின் பயத்தை யாரும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2021 நடுப்பகுதியில், களுபோவிலயிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள கல்கிசையில், பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி இணைய விளம்பரங்கள் மூலம் பாலியல் தொழிலுக்கு விற்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. கைதானோர் தொகை முப்பதைத் தாண்டியது. வளர்ந்த மனிதர்கள் இணையத்தைச் சந்தையாக்கி ஒரு குழந்தையை விற்றார்கள், வாங்கினார்கள். அந்தச் செய்தியை வாசித்த தாய் ஒருத்தி அன்றிரவு மகளின் போனைத் திறந்து பார்த்திருந்தால் அவளைக் குறைசொல்ல என்னால் முடியாது.

நேர்மையாக எண்ணிப் பார்த்தால் மேற்பார்வையின் பலன்கள் பல. பத்து, பதினொரு வயதுப் பிள்ளை தவறி ஆபாசத் தளத்தில் விழாமல் வடிகட்டிகள் பெரும்பாலும் தடுக்கின்றன. கூகுளின் ஃபமிலி லிங்க், அப்பிளின் ஸ்கிரீன் ரைம் போன்ற வசதிகளால் இரவு பத்து மணிக்குப் போன் தானாகப் பூட்டிக்கொண்டால் பிள்ளை நித்திரை கொள்ளும். அடுத்த நாள் வகுப்பில் தூங்கி வழியாது. புதுச் செயலி எதையும் இறக்குவதற்கு முன் பெற்றோரின் அனுமதி கேட்கும் ஏற்பாடு, யோசிக்கச் சற்று அவகாசம் தருகிறது. யாராவது மிரட்டினால் சான்றுகளை அழியாமல் எடுத்து வைப்பதற்கும் விபரமறிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது உதவும்.

சட்டமும் பெற்றோரை வாசலில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைக்கு 2006 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், கணினிச் சேவை வழங்குவோர் சிறுவர் பாலியல் துஷ்பிரயோகத்தைத் தடுக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று விதித்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவரைப் பிள்ளை என்கிறது. அந்தப் பிள்ளையின் தரவைச் சம்மதத்தின் பேரில் கையாள்வதென்றால் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்கிறது. கடையில் கணினி வைத்திருப்பவருக்கே பொறுப்பு உண்டென்றால் வீட்டில் வைத்திருப்பவருக்கு இல்லாமல் போகுமா?

ஆனால் மேற்பார்வை வேறு, ஒளித்திருந்து பார்ப்பது வேறு. பழுது தொடங்குவது இரண்டாவதில்.

சுவீடனில் பணியாற்றிய ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற உளவியலாளர் இருவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்த விடயத்தில் பலரின் எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் அவர்கள் கேட்டறிந்தார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்பது நன்றாகத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் சிக்கல்களில் குறைவாகவே மாட்டுகிறார்கள் என்பது அதற்கு முன்பே அறியப்பட்டதுதான். அந்தப் பெற்றோருக்கு இது எப்படித் தெரிய வந்தது என்று இவர்கள் தேடினார்கள். துருவித் துருவி விசாரித்தும் கட்டுப்படுத்தியும் அறிந்தது கொஞ்சம். பிள்ளை தானாக வந்து சொன்னதால் அறிந்ததே பெரும் பங்கு. பிள்ளையைக் காக்கிற அறிவு பிள்ளையின் வாயிலிருந்து வருகிறதென்றால், அந்த வாயை மூட வைக்கிற எந்தக் கண்காணிப்பும் தன் நோக்கத்துக்கே எதிராகத்தான் வேலை செய்கிறது.

வாய் எப்படி மூடுகிறது என்பதற்கு ஒரு காட்சி. வட்ஸ்அப்பை மடிக்கணினியிலும் திறக்கலாம். பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் அதன் போனை எடுத்து, மடிக்கணினித் திரையில் தெரியும் சதுரக் குறியை ஸ்கேன் செய்தால் போதும். அன்றிலிருந்து பிள்ளைக்கு வருகிற, பிள்ளை அனுப்புகிற செய்தியெல்லாம் அங்கேயும் தெரியும். எங்கள் தொடர்மாடிகளில் அப்பாமார் பலர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த வித்தை இது. ஆனால் அதே போனின் அமைப்புகளுக்குள் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருநாள் தற்செயலாக அதைத் திறக்கிறது. அங்கே ஒரு கணினி; கடைசியாக இயங்கிய நேரம் நேற்றிரவு பதினொன்று பத்து. அந்த நேரத்தில் தான் யாருக்கு என்ன எழுதினோம் என்று பிள்ளைக்கு நினைவு வருகிறது. ஆனால் அது சண்டை பிடிப்பதில்லை. அடுத்த நாளே மறையும் செய்திகளைப் போட்டுக்கொள்கிறது, சிநேகிதியின் போனில் வேறொரு கணக்குத் திறக்கிறது, வீட்டில் சிரித்தபடியே சாப்பிடுகிறது. பெற்றோர் அதே திரையை இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இப்போது நோட்ஸ் மட்டுந்தான் வருகிறது. பிள்ளை திருந்திவிட்டது என்று நிம்மதியடைகிறார்கள்.

இன்னொரு பழுதைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. மகளின் உரையாடலை வாசிக்கும்போது மகளை மட்டும் வாசிப்பதில்லை. "அப்பா நேற்றும் குடிச்சிட்டு வந்து அம்மாவுக்கு அடிச்சவர்" என்று சிநேகிதி எழுதியிருப்பாள். அவள் அதை இந்த வீட்டு அம்மாவுக்கு எழுதவில்லை. அடுத்த கிழமை கோயிலில் அந்தத் தாயைக் காணும்போது இந்த அம்மாவின் பார்வை மாறும். ஒரு சொல் தவறி விழும். சிநேகிதி மகளோடு கதைப்பதை நிறுத்திவிடுவாள். பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து வந்தால் அதை முதலில் அறிவது பெரும்பாலும் இன்னொரு பதினைந்து வயதுப் பிள்ளைதான். அந்த இணைப்பை நாமே அறுத்துவிடுகிறோம்.

உளவுச் செயலிகளை நம்புகிறவர்கள் அந்த நிறுவனங்களின் கதையையும் கேட்க வேண்டும். ரீன்சேஃப் என்ற அமெரிக்கச் செயலி, பெற்றோர் பார்ப்பதற்கு வசதியாகப் பிள்ளையின் கணக்கில் இரட்டைப் பாதுகாப்பை நிறுத்தச் சொன்னது. 2018 மே மாதத்தில் அதன் சேவையகம் காவலின்றித் திறந்து கிடந்தது. பிள்ளைகளின் அப்பிள் கணக்கு முகவரியும் கடவுச்சொல்லும் யாரும் வாசிக்கக்கூடிய எழுத்தாகவே அதில் இருந்தன. எம்ஸ்பை என்ற செயலியிலிருந்து 2015, 2018, 2024 என மூன்று தடவை தரவு கசிந்தது. பிறத்தியார் கண்ணிலிருந்து பிள்ளையைக் காக்க வாங்கிய செயலியே பிள்ளையைப் பிறத்தியார் கண்முன் கொண்டுபோய் வைத்தது.

செயலிகளின் வடிவமைப்பும் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கிறது. பமிலா விஸ்னியெவ்ஸ்கியும் அவரது குழுவினரும் 75 அன்ட்ரொயிட் பாதுகாப்புச் செயலிகளைப் பிரித்துப் பார்த்து 2017 இல் எழுதினார்கள்: அவற்றின் வசதிகளில் 89 சதவீதம் பெற்றோரின் கட்டுப்பாட்டுக்கானவை, பிள்ளை தன்னைத் தானே நெறிப்படுத்தப் பழகுவதற்கு மிச்சமுள்ள சிறு பங்குதான். அடுத்த ஆண்டு, பிள்ளைகளே இத்தகைய செயலிகளுக்கு எழுதிய 736 கருத்துகளை ஆராய்ந்தபோது முக்கால் பங்குக்கு மேல் ஒற்றை நட்சத்திரமே கொடுத்திருந்தன. அங்கேயும் ஒரு நல்ல செய்தி இருந்தது. தன் கெட்ட பழக்கத்தைக் குறைக்க உதவியது என்று பாராட்டிய பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லைகளைப் பிள்ளைகள் வெறுப்பதில்லை. தங்களுக்காகப் போட்ட எல்லை எது, தங்கள்மேல் போட்ட காவல் எது என்பதைப் பிரித்தறிகிறார்கள்.

எங்கள் சமூகத்தில் இந்தக் காவல் சமமாகவும் இல்லை. மகளின் போன் இரவில் அம்மாவின் தலையணைக்கடியில். மகனின் போன் விடியும்வரை அவன் கையில். மகளிடம் ஒரு பெடியன் "ஹாய்" சொன்னால் குடும்பக் கூட்டம் கூடும். மகன் யாரோடு காசு கட்டி விளையாடுகிறான் என்று கேட்க ஆளில்லை. படத்தை வைத்து மிரட்டிக் காசு பறிப்பவர்கள் பெடியன்களையும்தான் குறிவைக்கிறார்கள். பிள்ளையின் ஆபத்தைவிடக் குடும்பத்தின் மானத்தை அளவாக எடுத்துக்கொள்ளும் கண்காணிப்பு, ஆபத்து இருக்கும் பக்கத்தைப் பார்ப்பதேயில்லை. கட்டாரிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் அப்பா ஹோல் கமராவிலும் போன் செயலியிலும் பிள்ளையைப் பார்க்கும் வீடுகளும் உண்டு. அவருடைய ஏக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அப்பாவைக் கமராவாக மட்டுமே அறியும் பிள்ளை, சிக்கல் வரும்போது அவருக்கு அழைப்பு எடுக்காது.

இதில் எங்களுக்கென்று ஒரு வரலாறும் இருக்கிறது. இன்று பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோராக இருப்பவர்கள் போர்க்காலக் கொழும்பில் பொலிஸ் பதிவும், நடு இரவுக் கதவுத் தட்டலும், சோதனைச் சாவடியில் திறந்து காட்டிய பையுமாக வளர்ந்தவர்கள். 2007 யூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதி விடுதிகளிலிருந்து 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. குற்றம் எதுவும் செய்யாமலே சந்தேகிக்கப்படுவது மனிதரை என்ன செய்யும் என்று இந்தத் தலைமுறைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பயம்தான் பிள்ளைகள் விடயத்தில் இவர்களை அளவுமீறிக் கவனமாக்குகிறது. சோதிக்கப்பட்டவர் சோதிப்பவரிடம் ஒருபோதும் மனந்திறப்பதில்லை என்பதும் இவர்களுக்கே தெரிந்த உண்மை.

பிள்ளையின் பக்கம் சட்டம் எவ்வளவு நிற்கிறது? ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 யூலை 12 ஆம் திகதி ஏற்றது. அதன் 16 ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடலாகாது என்கிறது. 5 ஆம் உறுப்புரை, பிள்ளையின் ஆற்றல் வளர வளரப் பெற்றோரின் வழிகாட்டலும் அதற்கேற்ப மாறவேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் பெற்றோரின் உரிமை வயதோடு சுருங்குகிற உரிமை என்பது தெளிவாகும். ஆனால் வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தரவுக்கு 2022 தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. எங்கள் அரசியலமைப்பிலும் அந்தரங்க உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆகவே வீட்டுக்குள் இதற்குத் தீர்ப்புச் சொல்ல பெற்றோரின் மனச்சாட்சியைத் தவிர வேறு நீதிபதி இல்லை. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடைசெய்திருக்கிறது. சட்டம் கதவை அந்த வயதுவரை சாத்தி வைக்கலாம். பதினாறாவது பிறந்தநாள் காலையில் கதவு திறக்கும்போது பிள்ளைக்கு நிதானம் இருக்குமா என்பது வீட்டில் பழகியதைப் பொறுத்தது.

ஆகவே நான் ஏற்கும் ஒழுங்கு இது. பன்னிரண்டு வயதுவரை கணினி ஹோலில் இருக்கட்டும். வடிகட்டி, நேரக் கட்டுப்பாடு, பெற்றோர் அறிந்த கடவுச்சொல் எல்லாம் இருக்கட்டும். பதின்மூன்றிலிருந்து பதினைந்துவரை நேரமும் புதுச் செயலிகளும் பேசி முடிவெடுக்கப்படட்டும், மகனுக்கும் மகளுக்கும் ஒரே விதியாக. செய்திகளை வாசிக்க வேண்டாம். பதினாறுக்குப் பிறகு கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகக் கழலட்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளை தன் உயிரை வெறுத்துப் பேசினால், அறியாத பெரியவர் ஒருவர் காசோ படமோ கேட்பதாகத் தெரிந்தால், பார்க்கத்தான் வேண்டும். அப்போதும் "உன் போனைப் பார்க்கப் போறம், காரணம் இது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் பிள்ளையின் போனிலும் பெற்றோரின் போனிலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்குறுதி வேண்டும். சிக்கலில் மாட்டிய பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் இருப்பதற்குப் பெரிய காரணம், சொன்னால் போன் பறிபோகும், ரியூசன் நிற்கும், ஏச்சு விழும் என்ற பயம். மிரட்டுகிறவன் அந்தப் பயத்தைத்தான் மூலதனமாக வைத்துப் பிழைக்கிறான். "என்ன நடந்தாலும் எங்களிட்டை வா, போனைப் பறிக்க மாட்டம், முதலில் உன்னைக் காப்பாத்துவம், மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்று ஒரு வீடு சொல்லி, சின்னச் சின்னத் தவறுகளில் அதைக் காப்பாற்றியும் காட்டினால், எந்தச் செயலியாலும் கொண்டுவர முடியாத செய்தி அந்த வீட்டுக்கு வந்து சேரும். ஒரு கண்காணிப்பு முறை நல்லதா என்று அளக்க நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: நாளை இரவு யாரோ ஒருவன் உங்கள் பிள்ளையை மிரட்டினால், அது முதலில் உங்களிடம் வருமா? வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத பெற்றோர், பிள்ளையின் போனைத் திறப்பதற்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து கதைக்க வேண்டும்.