கலையாத அவை: ‘தி லவுஞ்ச்’ அரட்டைச் செயலியை முன்வைத்து

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட மொழிநிலையை ஆராய்வோர்க்கு இணைய அரட்டை புதிய களமன்று. வால்டர் ஓங் 1982இல் வெளியிட்ட நூலில் ‘இரண்டாம் நிலை வாய்மொழி’ என்னும் கருத்தை விளக்கியபோது, தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றையே மனத்திற்கொண்டார். தட்டச்சு செய்து பேசும் அரட்டை அவ்வகைப்பாட்டிற்குள் எளிதில் அடங்குவதில்லை. அது எழுத்தால் ஆனது. ஆயினும் பேச்சைப் போலக் கரைவது. இவ்வியல்பை ஒரு மென்பொருள் எவ்வாறு மாற்றிவிடுகிறது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்.

பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினன் 1988இல் உருவாக்கிய ஐ.ஆர்.சி. என்னும் அரட்டை முறையில், வழங்கி எதையும் சேமித்து வைப்பதில்லை. அறைக்குள் நுழைபவர் நுழைந்த கணத்திலிருந்தே கேட்கத் தொடங்குகிறார். முன் பேசியது அவருக்கு இல்லை. 1991 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நிகழ்ந்தபோது அங்கு நடந்த உரையாடல்களை இன்று நாம் படிக்க முடிகிறதெனில், பங்கேற்றோர் சிலர் தம் கணினியில் அவற்றைப் படியெடுத்து வைத்ததே காரணம். ஏடு எழுதியவர் இருந்ததால் பாட்டு எஞ்சியதைப் போன்றது இது.

‘தி லவுஞ்ச்’ 2016இல் ‘ஷவுட்’ என்னும் முந்தைய செயலியிலிருந்து கிளைத்தது. எம்.ஐ.டி. உரிமத்தில் அமைந்த திறந்தமூல மென்பொருளாதலின், எவரும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம். இதனை ஒரு வழங்கியில் நிறுவி உலாவியின் வழியே பயன்படுத்துவர். தனிக்கணக்கு முறையில் இயக்கும்போது, உலாவியை மூடிய பின்னரும் வழங்கி நம் பெயரில் அறையிலேயே அமர்ந்திருக்கும். மறுநாள் திரும்பினால், விட்ட இடத்தில் ஒரு கோடிட்டு அதன்பின் பேசப்பட்டவற்றைக் காட்டும். இணைப்பைக் காத்துவைக்கும் இடைநிலை மென்பொருள்கள் முன்னரே இருந்தன. அவற்றை அமைப்பதற்கு வேண்டிய தொழில்நுட்ப அறிவைப் பயனரிடம் எதிர்பாராமல், காப்பதையும் காட்டுவதையும் ஒன்றாக்கியது இச்செயலியின் மெய்யான சாதனை.

தமிழுக்கு இதனால் விளையும் நன்மை அளவானதே. 1993இல் வகுக்கப்பட்ட விதிப்படி ஒரு செய்தி 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 குறியேற்றத்தில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்கிறது. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கே 15 பைட் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே வரியில் செல்லும் கருத்து தமிழில் இரண்டு மூன்றாக உடைந்து செல்கிறது. புனைபெயரைத் தமிழில் எழுதவும் அவ்விதி இடம் தரவில்லை. (ஸ்காண்டிநேவிய எழுத்துகளின் பொருட்டு அதே விதி தனிச்சலுகை அளித்திருப்பது வேடிக்கை.) உலாவி தமிழை அழகுறக் காட்டினாலும், அடியிலுள்ள குழாயின் குறுக்கத்தை எந்தச் செயலியும் தனித்து மாற்றிவிட முடியாது.

நம் மறுப்பு வேறிடத்தில் உள்ளது. அவை என்பது அங்கிருப்போரை அறிந்து பேசும் இடம். அவையறிந்து சொல்லாடுக என்று நம் மரபு வலியுறுத்துவது அதனாலேயே. தி லவுஞ்சில் பெயர்ப்பட்டியலில் இருப்பவர் உறங்கிக்கொண்டிருக்கலாம். ஆயினும் அவர் பொருட்டு எல்லாம் பதிவாகிறது. வருவோர் போவோர் பற்றிய அறிவிப்புகள் இயல்பிருப்பாகவே சுருக்கிக் காட்டப்படுகின்றன. பதிவுகளோ, வழங்கியை நடத்துபவர் படிக்கத்தக்க வடிவில் சேமிக்கப்படுகின்றன. அவ்வறையில் பேசிய பிறர் இதற்கு இசைந்தனரா என்னும் வினாவை மென்பொருள் எழுப்புவதே இல்லை. லிபெரா சாட் வலையமைப்பு, உரையாடலைத் தொடர்ந்து வெளியிடும் அறைகள் அதனைத் தலைப்பில் அறிவிக்க வேண்டும் என்று வழிகாட்டுகிறது. அவ்வறிவுரை வெளியீட்டை மட்டுமே தொடுகிறது; ஒருவர் தமக்கெனச் சேமிப்பதைத் தொடுவதில்லை.

எழுதிவைப்பதே தவறு என்பது நம் கருத்தன்று. 1991ஆம் ஆண்டுப் படிகள் இல்லையேல் ஆய்வாளர்க்கு இழப்பே. ஆனால் அன்று படியெடுத்தவர் அங்கிருந்து கேட்டவர்; இன்று படியெடுப்பது ஆளில்லா இருக்கை. பயனர் விலகியதும் ‘இங்கில்லை’ எனத் தானே அறிவிக்கும் வசதி தி லவுஞ்சில் இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் அதற்குரிய கட்டம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. பயனர் தாமே சென்று நிரப்பினாலன்றி அது செயற்படாது. மூலநிரல் திறந்திருப்பதால், இதனைத் தம் வழங்கியில் நிறுவும் பல்கலைக்கழகத் துறையோ தமிழ்க் கழகமோ அக்கட்டத்தை ஒரு தமிழ்த் தொடரால் முன்கூட்டியே நிரப்பிவைத்துப் பயனர்க்கு வழங்கலாம்.