இடது பெருவிரல் ரேகைச் சர்ச்சை

இடது பெருவிரல் ரேகைச் சர்ச்சை என்பது, 2016 நவம்பர் இடைத்தேர்தலுக்காக அன்றைய தமிழக முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் பெயரில் அளிக்கப்பட்ட தேர்தல் படிவங்களில் இருந்த கைரேகை குறித்து எழுந்த ஐயங்கள், வதந்திகள், நீதிமன்ற வழக்கு ஆகியவற்றைக் குறிக்கும். இம்மூன்றும் வேறு வேறானவை. ஆனால் டீக்கடையிலும் மேடையிலும் ஒன்றாகவே பேசப்பட்டன. இதில் இழப்பு நியாயமான ஐயத்துக்குத்தான்.

பின்னணி

2016 செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் அங்கிருந்தபோதே தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் ஆகிய மூன்று தொகுதிகளுக்கும் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஒரு கட்சியின் வேட்பாளர் என்று ஒருவரை ஏற்று, அவருக்குக் கட்சிச் சின்னத்தை ஒதுக்கப் படிவம் ஏ, படிவம் பி என்ற இரண்டு தாள்கள் வேண்டும். அவற்றில் கட்சியின் பொறுப்பாளர் மையால் கையெழுத்திட வேண்டும். ரப்பர் முத்திரைக் கையெழுத்து செல்லாது. அதிமுக அளித்த படிவங்களில் கையெழுத்து இல்லை, இடது பெருவிரல் ரேகை இருந்தது. தொண்டையில் துளையிட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டதாலும் வலது கை வீங்கியிருந்ததாலும் அவரால் கையெழுத்திட முடியவில்லை என்றும், தம் முன்னிலையில் அவரே ரேகை வைத்தார் என்றும் அரசு மருத்துவர் ஒருவர் சான்றளித்திருந்தார்.

மூன்று இடங்களிலும் அதிமுக வென்றது. டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா காலமானார்.

வதந்தி வளர்ந்த விதம்

எழுபத்தைந்து நாட்களில் ஒரு புகைப்படம்கூட வெளியிடப்படவில்லை. அமைச்சர்கள் மட்டும் மருத்துவமனை வாசலில் நின்று, அம்மா இட்லி சாப்பிட்டார் என்ற வகையில் செய்தி சொன்னார்கள். அவையெல்லாம் பொய் என்று 2017 செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசனே பொதுமேடையில் கூறி மன்னிப்புக் கேட்டார். எனவே வதந்தியைப் பாமர மக்களின் அறியாமை என்று ஒதுக்குவது சரியாகாது. பொய்த் தகவல் மேலிருந்துதான் வந்தது.

அந்த ஐயம் பின்னர் அரசியல் முதலாகவும் ஆனது. முதலமைச்சரின் துறைகளை 2016 அக்டோபரிலிருந்து கவனித்துவந்த ஓ. பன்னீர்செல்வமே 2017 பிப்ரவரியில் தனி அணி கண்டு, மரணம் குறித்து விசாரணை கோரினார். ஆவடி சட்டமன்ற உறுப்பினரும் அப்போது பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தவருமான மாஃபா பாண்டியராஜனும் அந்த அணிக்குச் சென்றார். அணிகள் இணைந்ததும் ஆறுமுகசாமி ஆணையம் அமைக்கப்பட்டது. 2022 மார்ச்சில் அதே ஆணையத்தின் முன் பன்னீர்செல்வம், தமக்குத் தனிப்பட்ட முறையில் சந்தேகம் எதுவும் இல்லை, மக்களுக்கு இருந்ததால்தான் விசாரணை கேட்டதாகச் சொன்னார். ஐந்து ஆண்டுகள் ஐயத்தைச் சுமந்தவர்களுக்கு இதைவிடக் கசப்பான பதில் இருக்க முடியாது.

ரேகை எதைச் சொல்லும்?

"அது உயிரற்றவரின் விரல்" என்பதே வதந்தியின் மையம். ரேகையில் கோடுகள் தெளிவாக இல்லை என்பது அதற்குக் காட்டப்பட்ட ஆதாரம். தாளில் பதிந்த ரேகை, விரல் யாருடையது என்பதைச் சொல்லக்கூடும். விரலுக்கு உரியவர் விழித்திருந்தாரா, படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்திருந்தாரா, தானே விரலை வைத்தாரா என்பதைச் சொல்லாது. மை அதிகமானாலும் குறைந்தாலும், கை வீங்கியிருந்தாலும் கோடுகள் மங்கும்.

பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் 2014இல் பதிவான ரேகையோடு ஒப்பிடும் முயற்சியும் நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சிறை ஆவணங்களைக் கேட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஒப்பீடு நடந்திருந்து, ரேகைகள் பொருந்தியிருந்தாலும் மூலக் கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் சாட்சி மட்டுமே. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் இதை முன்னறிந்தே எழுதப்பட்டவை போலுள்ளன. கையெழுத்திட இயலாதவர் வைக்கும் அடையாளம், தேர்தல் அலுவலர் அல்லது ஆணையம் குறிப்பிடும் அதிகாரி முன்னிலையில் இடப்பட வேண்டும். அவர் ஆளை உறுதி செய்துகொண்டு சான்றொப்பமிட வேண்டும். மதிப்பெண் பட்டியலின் நகலில் சான்றொப்பம் வாங்க அலைந்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அரசுப் பணியில் இருப்பவர் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சான்றளிக்க முடியாது.

வழக்கும் தீர்ப்பும்

திருப்பரங்குன்றத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்ற திமுக வேட்பாளர் பா. சரவணன், ஏ.கே. போஸின் வெற்றியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2018 ஆகஸ்டில் போஸ் மறைந்தார். 2019 மார்ச் 22 அன்று நீதிபதி பி. வேல்முருகன் அந்த வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். சரவணனை வெற்றி பெற்றவராக அறிவிக்க மறுத்தார்.

"பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே!" என்று பலர் இத்தீர்ப்பைப் பரப்பினர். ஆனால் ஜெயலலிதா அப்போது உயிருடன் இல்லை என்று தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. அவர் அறிந்து, தாமே ரேகை வைத்தார் என்பது சட்டப்படி நிலைநாட்டப்படாத நிலையில் படிவங்களை ஏற்றது தவறு என்பதே அதன் சாரம். வதந்தி கேட்ட கேள்வி பெரியது, நிரூபிக்க வழியற்றது. வழக்கு கேட்ட கேள்வி சிறியது. விடை கிடைத்தது சிறிய கேள்விக்குத்தான்.

அன்றைக்கே ஆவணத்தை முறையாகக் காட்டியிருந்தால் வதந்தி அடங்கியிருக்குமா என்பதும் உறுதியில்லை. அமெரிக்க அதிபர் ஒபாமா 2011 ஏப்ரலில் தமது முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட்ட பிறகும், அது போலி என்று நம்பியவர்கள் மாறவில்லை. இங்கும் 2017 டிசம்பரில், ஆர்.கே. நகர் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், ஜெயலலிதா பழச்சாறு அருந்தும் காணொளி வெளியானபோது, அது எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்ற புதிய சண்டைதான் தொடங்கியது. ஆனால் விதிப்படி ஓர் அதிகாரி முன்னிலையில் ரேகை பெறப்பட்டிருந்தால், வழக்கில் சொல்லப் பதிலாவது இருந்திருக்கும்.

இதன் விலையைக் கொடுத்தது தொகுதி மக்கள். ஜெயலலிதா மறைவுக்குப் பின் நடந்த கட்சிப் பிளவில் தகுதி நீக்கப்பட்ட 18 பேரில் பூந்தமல்லி உறுப்பினரும் ஒருவர். ஒன்றரை ஆண்டு காலியாக இருந்த அத்தொகுதியில் 2019 ஏப்ரல் 18 அன்று இடைத்தேர்தல் நடந்தது. திருப்பரங்குன்றமும் காலியாகவே இருந்தது. ஆனால் ரேகை வழக்கு நிலுவையில் இருந்ததால் முதல் அறிவிப்பில் அதன் பெயர் இல்லை. தீர்ப்புக்குப் பின், மே 19 அன்றுதான் அங்கு வாக்குப்பதிவு நடந்தது. சரவணன் வென்றார்.