எல்லையின் இருபுறமும்: ‘டிராஃபிக்’, ‘சிகாரியோ’ திரைப்படங்களில் போதைப்பொருள் கடத்தலும் ஊழலும்

முன்னுரை

அமெரிக்க – மெக்சிக எல்லையில் நிகழும் போதைப்பொருள் கடத்தலைக் கருவாகக் கொண்ட திரைப்படங்களுள் ஸ்டீவன் சோடர்பெர்க்கின் ‘டிராஃபிக்’ (2000), டெனி வில்னெவின் ‘சிகாரியோ’ (2015) ஆகியன குறிப்பிடத்தக்கவை. ஊழல் எல்லையின் எப்பக்கத்தது என்னும் வினாவிற்கு இவ்விரு படங்களும் தரும் விடைகளை ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறம் வகுத்த எல்லை

‘டிராஃபிக்’ மெக்சிகக் காட்சிகளை மஞ்சள் நிறத்திலும் ஒகையோ, வாஷிங்டன் காட்சிகளை நீல நிறத்திலும் அமைக்கிறது. பல கதைகள் கலந்து வருகையில் இடம் அறிய இந்நிறம் உதவுகிறது. எனினும், மஞ்சள் நிலத்தில் ஊழல் இயல்பாகவும் நீல நிலத்தில் போதை ஒரு குடும்பத்தின் நோயாகவும் காட்டப்படுகின்றன. ஒரு கும்பலை ஒடுக்கிக்கொண்டே மற்றொரு கும்பலுக்கு உழைக்கும் தளபதி சலசார் பாத்திரம், 1997இல் கைதான தளபதி ஹேசுஸ் குட்டியெரெஸ் ரெபோயோவை நினைவூட்டுகிறது. போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் தலைவராக இருந்த அவரை, கைதுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் அமெரிக்க உயர் அதிகாரி பாராட்டியிருந்தார். படத்திலோ அமெரிக்கத் தரப்பு ஏமாந்த தரப்பாக மட்டுமே நிற்கிறது.

சட்டம் திரிந்த நிலம்

‘சிகாரியோ’ இப்பார்வையை மாற்றுகிறது. உள்நாட்டில் இயங்கச் சி.ஐ.ஏ.வுக்கு ஒரு சட்டப் போர்வை தேவைப்படுவதாலேயே எஃப்.பி.ஐ. அலுவலர் கேட் மேசர் கூட்டுப்படையில் சேர்க்கப்படுகிறார். இறுதியில், அனைத்தும் சட்டப்படியே நிகழ்ந்தன என்னும் ஆவணத்தில் துப்பாக்கி முனையில் கையொப்பமிடுகிறார். பாலை தனி நிலமாகப் பிறப்பதில்லை, பிற நிலங்கள் வளமிழக்கையில் தோன்றுவது என்பது தமிழ்த் திணை மரபின் கருத்து. எல்லைப்புறமும் அத்தகையதே, அதனைப் பாலையாக்கியதில் இரு அரசுகளுக்கும் பங்குண்டு என்பதை இப்படம் உணர்த்துகிறது. ஆயினும், கடத்தலுக்குத் துணைபோகும் மெக்சிகக் காவலர் சில்வியோவுக்கு மனைவியும் மகனும் தரப்பட்டுள்ளனரேயன்றி, அவர் ஏன் விலைபோனார் என்பதற்கு விடை தரப்படவில்லை.

முடிவுரை

இரு படங்களும் மெக்சிகச் சிறுவர்களின் விளையாட்டுத் திடலில் முடிகின்றன. முன்னதில் விளக்கொளியில் பேஸ்பால் ஆட்டம் தொடர்கிறது. பின்னதில் துப்பாக்கி ஒலி கேட்டுக் கால்பந்தாட்டம் நொடிப்பொழுது நின்று, மீண்டும் தொடங்குகிறது. 2006 முதல் 2012 வரை மெக்சிகப் பொதுப் பாதுகாப்பு அமைச்சராக விளங்கி, அமெரிக்காவின் நம்பிக்கைக்குரிய கூட்டாளியாகவும் இருந்த ஹெனாரோ கார்சியா லூனா, கடத்தல் கும்பலிடம் கையூட்டுப் பெற்ற வழக்கில் 2023இல் நியூயார்க்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்; 2024இல் 38 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். ஊழல் ஒரு கரையில் மட்டும் இல்லை, இரு கரைகளையும் இணைக்கும் கூட்டுறவுக்குள்ளேயே குடிபுகும் என்பதை இது காட்டுகிறது. அவ்வகையில் ‘சிகாரியோ’வின் அவநம்பிக்கையே உண்மைக்கு அணுக்கமானது எனலாம். ஆனால், அத்திடலில் நிற்கும் சிறுவனின் பார்வையில் எல்லையைக் காணும் பணியை இரு படங்களுமே நிறைவேற்றவில்லை.