கிளாரியன் கண்ட பன்னிரண்டு சுரமுறைகள்

‘பன்னிரு நரம்பு’ எனப் பொருள்படும் ‘டோடெகாகார்டன்’ என்னும் இலத்தீன் இசைநூல், சுவிட்சர்லாந்திற் பிறந்த ஹைன்ரிச் கிளாரியன் என்பாரால் இயற்றப்பெற்று, 1547-இல் பாசெல் நகரில் அச்சாயிற்று. மேனாட்டுக் கோயிலிசையில் எட்டெனக் கொள்ளப்பட்டு வந்த சுரமுறைகள் உண்மையிற் பன்னிரண்டே என நாட்டுதல் அந்நூலின் நோக்கமாம். இதனைத் தாம் புதுவது கண்டதாக ஆசிரியர் கூறிற்றிலர்; பண்டை முறையையே மீட்டுத் தந்ததாகக் கூறினார். தொகையும் பழமையும் ஆகிய இவ்விரண்டும் ஒருங்கே ஏற்கவோ ஒருங்கே தள்ளவோ தக்கன அல்ல. வேறு வேறாக ஆராயற்பாலன.

ஆர்மோனியத்தின் வெண்கட்டைகளை நோக்குக. ‘ஈ’க்கும் ‘எப்’புக்கும், ‘பி’க்கும் ‘ஸி’க்கும் இடையே அரைச்சுர இடைவெளியும், ஏனை ஐந்திடத்தும் முழுச்சுர இடைவெளியும் உள. ஏழனுள் எதனை முதலாகக் கொள்ளினும் அரைச்சுரம் நிற்குமிடம் மாற, வேறொரு வரிசை பிறக்கும். குரல் திரிபாற் பாலை பிறக்குமாறு அறிந்தார்க்கு இஃது எளிதின் விளங்கும். இவ்வேழு வரிசைகளையும் கிளாரியன், ஐந்தாஞ் சுர இடைவெளி கீழும் நாலாஞ் சுர இடைவெளி மேலுமாக ஒருகாலும், அவற்றை மாற்றி ஒருகாலும் பகுத்தார். அவ்வாறு பகுப்பப் பதினான்கு வரும். அவற்றுள், ‘பி’யிலிருந்து ‘எப்’ வரையுள்ள இடைவெளி நிறைந்த ஐந்தாவதினும் அரைச்சுரம் குறைந்தது. ‘எப்’பிலிருந்து ‘பி’ வரையுள்ளதோ நிறைந்த நாலாவதினும் அரைச்சுரம் மிகுந்தது. ஆகலின் அவ்விடைவெளிகளை வேண்டிய இரண்டும் ஒழியப் பன்னிரண்டு நின்றன. பழைய எட்டும் ‘டி’, ‘ஈ’, ‘எப்’, ‘ஜி’ என்பவற்றில் முடிவன. ‘ஏ’யில் முடிவனவற்றை ஏயோலியன் எனவும், ‘ஸி’யில் முடிவனவற்றை ஐயோனியன் எனவும் அவர் பெயரிட்டுச் சேர்த்தார்.

எட்டே அமையும், புதியன வேண்டா எனின், லிடியன் முறையை நோக்குக. அஃது ‘எப்’பில் முடிவது. அதன்கண் ‘பி’யை அரைச்சுரம் தாழ்த்திப் பாடுதல் பெருவழக்காயிற்று. தாழ்த்தியவழி அதன் வரிசை, ‘ஸி’ முதலாகிய வரிசையோடு சிறிதும் வேறுபடாது. எனவே பாடுவோர் வாயில் வழங்கியது ஐயோனியன். ஏட்டில் எழுதப்பட்ட பெயரோ லிடியன். தாழ்த்தல் ஒரோவழி நேரும் திரிபென்பாரும் உளர். பாட்டு முழுதும் நீங்காது நிற்பதனைத் திரிபென்றல் யாங்ஙனம் பொருந்தும்? தம் காலத்து மிகுதியும் பயின்றது ஐயோனியனே எனக் கிளாரியன் கண்டு கூறியது செவியறிந்தார் கூற்று. நூலின் வன்மை இவ்விடத்தது.

இனிப் பழமை. கிரேக்க நூலார் டோரியன் என்றது ‘ஈ’ முதலாகிய வரிசையை. ‘டி’ முதலாகியது அவர்க்குப் பிரிஜியன். ஆறாம் நூற்றாண்டிற் போயீதியஸ் இலத்தீனில் எழுதிவைத்த கிரேக்க இசையிலக்கணத்தைப் பின்வந்தோர் பிறழ உணர்ந்து, பெயர்களைத் தம் கோயிலிசை முறைகளுக்கு மாற்றி ஏற்றினர். கிரேக்கமும் இலத்தீனும் வல்ல கிளாரியன் அப்பிறழ்ச்சியைக் களைந்திலர். அதன்மேலேயே தம் கட்டடத்தை எழுப்பினார். ‘குடியரசு’ என்னும் நூலிற் பிளேட்டோ டோரியனையும் பிரிஜியனையுமே தம் நகர்க்குத் தக்கனவெனக் கொண்டார். அவ்விடத்தைக் கிளாரியன் வைத்த பெயர்கொண்டு பயில்வான் இரண்டனையும் தலைமாற்றிக் கொள்வான். நூலாசிரியரின் கல்விப் புகழை நோக்க இக்குற்றம் சிறிதன்று.

1558-இல் இத்தாலியரான ஸார்லினோ பன்னிரண்டனையும் ஏற்றார். ஆயினும் கிளாரியன் பெயரை எடுத்தோதிலர். 1571-இல் ‘ஸி’யையே முதலாக வைத்து எண்ணினார். பின்னர் மேனாட்டிசையிற் பெரிதும் வழங்கிய பெருமுறை, சிறுமுறை என்னும் இரண்டும் கிளாரியன் சேர்த்த ‘ஸி’, ‘ஏ’ வரிசைகளின் வழியினவே. அவர் தள்ளிய ‘பி’ வரிசைக்குப் பிற்காலத்தார் லோக்ரியன் எனப் பெயர் தந்தனர். கிரேக்கருள் அப்பெயர் பெற்றதோ ‘ஏ’ முதலாகிய வரிசை.