புறநிலைவாதம்: சொல்லும் பொருளும்

முன்னுரை

தமிழாய்வுகளில் ‘புறநிலை நோக்கு’ என்னும் தொடர் பெரும்பாலும் ஆய்வாளர் விருப்பு வெறுப்பின்றி எழுதுவதைக் குறிக்கிறது. மெய்யியலில் புறநிலைவாதம் என்பது வேறு. ஒரு கூற்று மெய்யாவதும் பொய்யாவதும் அதனை நம்புவோரைப் பொறுத்ததன்று என்பதே அக்கோட்பாடு. முன்னது ஆய்வாளரின் பண்பு. பின்னது உண்மையின் இயல்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் நேரும் பிழையை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஃபிரேகேயின் விளக்கம்

செருமானிய மெய்யியலாளர் கோட்லாப் ஃபிரேகே, 1884-இல் வெளியிட்ட ‘எண்கணிதத்தின் அடித்தளங்கள்’ என்னும் நூலில் வடகடலைச் சான்றாக்குகிறார். புவியின் நீர்ப்பரப்பில் எப்பகுதியை வடகடல் என அழைப்பது என்பது மனிதர் வகுத்துக்கொண்ட எல்லை. எனினும், அவ்வாறு வகுத்தபின் அக்கடலின் பரப்பளவு எவருடைய எண்ணத்தாலும் மாறுவதில்லை. புவியின் அச்சினைத் தொடவியலாது. ஆயினும் அதுவும் புறநிலையானதே என்கிறார். எனவே, புலன்களுக்கு எட்டுவது மட்டுமே புறநிலை என்னும் கருத்தும் பொருந்தாது.

தமிழாய்வில் பொருத்தப்பாடு

‘சங்க இலக்கியம்’ என்பது பாடல்களுக்குப் பின்வந்தோர் இட்ட பெயர். அதனால் அப்பாடல்களின் காலம் நம் விருப்பத்திற்கு உட்பட்டதாகிவிடாது. புகளூர்த் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இரும்பொறை மரபின் மூன்று தலைமுறையினரைக் குறிப்பிடுகிறது. அவர்கள் பதிற்றுப்பத்து பாடும் சேரர்தாமா என்பதில் கருத்து வேறுபாடு எழலாம். ஆனால், அவ்வினாவிற்குரிய விடை ஆய்வாளரின் சார்பினால் உருவாவதன்று. சார்புடையவர் உண்மையைக் கண்டறியவும் சார்பற்றவர் பிழைபடவும் கூடும். ஆகவே, ‘சார்பற்ற ஆய்வாளர் எவருமிலர், ஆதலின் புறநிலை உண்மையும் இல்லை’ என்னும் வாதம் தருக்கப் பிழையுடையது. ‘நடுநிலையோடு எழுதினேன், ஆதலின் என் முடிபு உண்மை’ என்பதும் அத்தகையதே.

மதிப்பீட்டின் சிக்கல்

புறநிலைவாதத்தை ஒரு துறையில் ஏற்று, மற்றொன்றில் மறுக்கவும் இயலும். ஜே. எல். மேக்கி 1977-இல் வெளியிட்ட அறவியல் நூலில் புறநிலை விழுமியங்கள் இல்லை என வாதிட்டார். புற உலகம் பற்றிய உண்மைகளை அவர் மறுக்கவில்லை. எனவே, ஒரு பாடலின் காலம் புறநிலையானது என நிறுவிவிட்டதனால் அப்பாடல் சிறந்தது என்னும் மதிப்பீடும் புறநிலையானதாகிவிடாது. அதற்குத் தனி வாதம் தேவை.

முடிவுரை

‘புறநிலை’ என்னும் சொல்லை ஆளும் ஆய்வேடுகள், அது ஆய்வாளரின் நடுநிலையைக் குறிக்கிறதா, கூற்றின் உண்மைத்தன்மையைக் குறிக்கிறதா எனத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பின்னதைக் குறிக்குமாயின், தம் முடிபை மறுக்கவல்ல சான்று எத்தகையது என்பதையும் அவை கூறுதல் வேண்டும்.